துடைத்த மணி

யுத்தத்துக்கு முந்திய கோடையில், மிஷன் ஹைஸ்கூல் ரசாயன வாத்தியார் ஒருவர் எங்கள் செங்கல் காளவாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், எதையும் மூக்கருகே வைத்துத்தான் பார்ப்பார். பழைய எகிப்துக்காரர்களின் நீல மணியை எங்கள் செங்கலோடு வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டுமாம். வெள்ளைக்கல் பொடியோடு உவர்மண் உப்பும் செம்புத்தூளும் பிசைந்து, மணிகளாக உருட்டிக் காயவைத்தார். மேலே எதுவும் பூசவில்லை.

“வெடிச்சு என் செங்கலும் போயிருமோ சார்?”

“அண்ணே, நீங்க படுற கவலைக்கு வெறகே வேணாம்.”

காய்ந்த மணிகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சுவரில் பூத்தால் துடைப்பதுபோல் ஒன்றை வேட்டியில் துடைத்தேன். பதறி ஓடிவந்தார்.

“என்னண்ணே பண்ணிட்டீங்க! அது பூக்கத்தானே காத்துக்கிட்டிருக்கேன். அந்த உப்பு உருகித்தான் பளபளப்பு வருதான்னு பாக்கணும்.” கொஞ்சம் யோசித்தார். “சரி, அதையும் உள்ள வைங்க.”

காளவாசல் ஆறும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரித்தபோது மற்றவையெல்லாம் நீலமாக மின்னின. நான் துடைத்தது மட்டும் மங்கிக் கிடந்தது. அதைத்தான் அவர் மூக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுதாண்ணே சாட்சி!”

நீல மணிகளை என் மகளிடம் கொடுத்துவிட்டு, மங்கிய மணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். நல்லதை விட்டுட்டு மங்கினதைக் கொண்டுபோறாரே என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.