சனிக்கிழமை நடத்துநர்

வீட்டில் மூன்று பெண்கள். மூன்றாவதாகப் பிறந்தவளுக்கு அப்பா ஆசையாக ஒரு பெயர் வைத்தார். ஆனால் அக்காமார் இருவரும் தொட்டிலை எட்டிப் பார்த்து, "ஐயே, பொடிசு!" என்று சொன்ன நாளோடு அந்தப் பெயர் பள்ளிச் சான்றிதழுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பொடிசு வளர்ந்தாள். அக்காமார் இரண்டு பேரையும்விட ஒரு சாண் உயரமாகவே வளர்ந்தாள். ஆனாலும் நாற்பதை நெருங்கும் வயதிலும் அவள் பொடிசுதான்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸை இயந்திரம் தேய்த்துத் தரும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று சோதித்து, விளிம்பைச் சீராக்கி, பிரேமில் உட்காரவைப்பது அவள் பொறுப்பு. மணிக்கணக்கில் யாரோடும் பேச வேண்டாத வேலை. பேச வேண்டியதையெல்லாம் அவள் சனிக்கிழமைக்குச் சேர்த்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமைப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் கடையில் கண் பரிசோதித்த டாக்டரம்மா. கடை மதியத்தோடு மூடியதும் மாடியறையில் நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு கதையாட்டம் நடத்துவார். அதற்குச் சீட்டு கிடையாது, கட்டம் போட்ட பலகையும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். "குகை வாசல்ல நிக்கறீங்க. உள்ளேருந்து யாரோ இருமற சத்தம் கேக்குது. என்ன பண்ணப் போறீங்க?" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள்: திருடன், மந்திரவாதி, போர்வீரன் என்று. யார் என்ன செய்கிறார் என்பதை அவரவரே சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாறிப் போனபோது பகடைப் பையைப் பொடிசின் கையில் வைத்து, "இனிமே நீதான் நடத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அங்க போய் நீ என்னடி பண்றே?" என்று பெரியக்கா கேட்டாள்.

"நான்தான்க்கா நடத்துநர்."

"எந்த பஸ்ல?"

முதல் கதையைப் பொடிசு இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பாழடைந்த கோட்டை, சுரங்கம், கல்லறை, கடைசி அறையில் புதையலைக் காக்கும் டிராகன் என்று எதற்கும் குறை வைக்கவில்லை. ஆட வந்தவர்கள் கோட்டை வாசலைத் தாண்டவே இல்லை. வாசற்காவலன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஏன் இழுத்து நடக்கிறான், செருப்பு கடிக்கிறதா, சம்சாரம் எங்கே, இந்தக் குளிரில் யார் அவனை நிறுத்தி வைத்தது என்று ஆளாளுக்கு விசாரித்து, சாயந்திரத்துக்குள் அவனை வேலையை விடச் செய்து ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். டிராகன் கடைசி வரை பட்டினி.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். அடுத்த நாள் யோசித்தாள். ஆட வருகிறவர்கள் எந்தக் கதவைத் திறப்பார்கள் என்று நாம் எழுதக் கூடாது. கதவுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு அவள் கதையில் வந்த பூதத்துக்குப் பல்வலி இருந்தது. சூனியக்காரிக்குப் பக்கத்துக் காட்டுச் சூனியக்காரியைக் கண்டால் ஆகாது. எலும்புக்கூடுகளுக்குக்கூட யாராவது தங்களை நேராக அடுக்கி வைக்க மாட்டார்களா என்ற ஏக்கம் இருந்தது. மேஜை களைகட்டியது.

நாளடைவில் பழைய ஆட்கள் இருவர் விலக, அந்த நாற்காலிகளில் அவளுடைய அத்தான்மார் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சாலையில் மஞ்சள் விளக்கைக்கூடத் தாண்டாத மனிதர் இங்கே திருடன் வேடம் கட்டினார். கதையில் ஆபத்து வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் மேஜைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதிக்கும். சின்ன அத்தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவர் மந்திரவாதி, ஆனால் மகாக் கஞ்ச மந்திரவாதி. முதல் மாதமே அவருக்கு ஒரு மாய இறகு கிடைத்தது. கையில் வைத்திருப்பவரை ஒரே ஒரு முறை, பஞ்சு மாதிரி தரையில் இறக்கிவிடும். தாடி பற்றி எரிந்தபோதும், நரி துரத்தியபோதும் அவர் அதைத் தொடவில்லை. "அவசரத்துக்கு ஆகும்" என்பார். மூன்றாவது ஆள் எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருந்த அக்கா. அவர் கோடரி வீராங்கனை. "வாரம் பூரா ஜனங்களுக்கு மருந்து குடுக்கறேன். இங்கயாவது ரெண்டு பேரை வெட்டிக்கறேனே" என்பது அவர் நியாயம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சகலைகள் இருவருக்கும் நடுவே ஒரு ஃப்ரிட்ஜ் வந்து நின்றது.

பெரிய அத்தான் வீட்டு ஃப்ரிட்ஜைச் சின்னவர் பழுது பார்த்துக் கொடுத்தார். அடுத்த வாரம் வீடு நிறைய விருந்தாளிகள் வந்த நாளில் அது மூச்சை நிறுத்திவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் ஊசிப்போனது. அவமானத்தில் பெரியவர், "இவன் கை பட்டது எது உருப்பட்டிருக்கு?" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். சின்னவர் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க ஓட்டக் கத்துக்குடுத்தவன் எல்லாம் எந்தச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கறானோ" என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், பேச்சு வார்த்தை நின்றது. அக்கா தங்கை இரண்டு பேரும் நடுவில் மாட்டிக்கொண்டு, புருஷன்மார் வேலைக்குப் போன பிறகு திருட்டுத்தனமாகப் போனில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் சனிக்கிழமையை மட்டும் யாரும் விடவில்லை. முதலில் வராமல் நின்றவன் தோற்றவன் ஆகிவிடுவானே! இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாடிப்படி ஏறினார்கள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் "அண்ணே" என்று அழைத்த சின்னவருக்கு இப்போது பெரியவர் வெறும் "அவரு."

"பொடிசு, அந்த மந்திரவாதிகிட்ட விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லு."

"பொடிசு, விளக்கு தூக்கிதான் இருக்குன்னு அவருக்குச் சொல்லு. கண்ணைத் திறந்து பாக்கச் சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்று பொடிசு கேட்டாள். மருந்துக்கடை அக்கா கோடரியால் யாரையாவது வெட்டலாமா என்று விசாரித்தார்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று பொடிசு தீர்மானித்தாள். கோடு போட்டு, படம் வரைந்து, புதிதாக ஒரு கதை செய்தாள். ஒரு மலைக்கோவிலில் இரட்டைக் கதவு. மனஸ்தாபப்பட்ட இருவர் கைகோத்து, ஒருவரை ஒருவர் மன்னித்தேன் என்று சொன்னால்தான் அது திறக்கும். கல்லில் செதுக்கியிருந்த அந்த வாசகத்தை அவள் உருக்கமாகப் படித்துக் காட்டினாள்.

"இது கதவா, பஞ்சாயத்தா?" என்றார் பெரிய அத்தான்.

சின்ன அத்தான் காது மடல் சிவக்கச் சன்னலைப் பார்த்தார். மருந்துக்கடை அக்கா தொண்டையைக் கனைத்து, "நான் பக்கத்துச் சுவத்தை இடிக்கறேன்" என்று பகடையை உருட்டினார். சுவர் இடிந்தது. மூவரும் அந்த ஓட்டை வழியே நுழைந்து போனார்கள்.

பொடிசுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர்கள் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று எழுதியதோடு நிற்காமல், திறக்கும்போது என்ன வசனம் பேச வேண்டும் என்றும் அல்லவா எழுதி வைத்திருக்கிறாள்! அடுத்த சனிக்கிழமை அவள் யாருக்கும் புத்தி சொல்லப் போகவில்லை. மலைக்கு அடியில் ஒரு பாதாளம், அதில் குட்டி போட்டு வைத்திருக்கும் ஒரு கல் வௌவால். அதற்குத் தன் குட்டிகள் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் எதையும் யோசித்து வைக்கவில்லை.

திருடன் கயிறு கட்டிப் பாதாளத்தில் இறங்கினான். பாதி வழியில் தாய் வௌவால் அவனைப் பார்த்துவிட்டது. பொடிசு தன் முன்னால் நிறுத்தியிருந்த மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினாள். இருபது முகப் பகடை. இருபது விழுந்தது. வௌவாலுக்கு அதைவிடப் பெரிய எண் கிடையாது. கயிறு அறுந்து திருடன் போக வேண்டியதுதான்.

மற்ற யாருக்கும் அந்த எண் தெரியாது. "தப்பிச்சீங்க அத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. திருடன் செத்துப்போனால் பெரியவர் கௌரவமாக எழுந்து போய்விடுவார். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி வர வேலையில்லை என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே நூலும் அறுந்துபோகும். அவள் நாக்கு நுனி வரை பொய் வந்தது. ஆனால் இந்த ஒரு தடவை பொய் சொன்னால், இத்தனை நாள் இவர்கள் பிழைத்து வந்ததெல்லாம் அவள் போட்ட பிச்சை என்று ஆகிவிடாதா?

அட்டையைத் தூக்கிப் பகடையைக் காட்டினாள்.

"கயிறு அறுந்துடுச்சு அத்தான். ஒரு வேரை ஒத்தைக் கையால பிடிச்சுத் தொங்கறீங்க. வேரும் பிடுங்கிக்கிட்டு வருது."

பெரிய அத்தானின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. "பரவால்ல. வேற வேஷம் எடுத்துக்கலாம்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. சின்ன அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கையை விடாதீங்க! நான் குதிக்கறேன்!"

"எங்க குதிக்கறே?" என்றார் பெரியவர், நேராக அவரைப் பார்த்து.

"உங்க மேலதான்! பொடிசு, இறகைக் கையில பிடிச்சுக்கிட்டுக் குதிக்கறேன். எழுதிக்கோ."

"இறகு ஒருத்தரைத்தான் தாங்கும் அத்தான்."

"தாங்குமா தாங்காதான்னு பகடை சொல்லட்டும்."

இதற்கு எந்த விதியும் இல்லை. பொடிசு அந்த நிமிடமே ஒன்றை உண்டாக்கினாள். ஆளுக்கு ஒரு பகடை. கூட்டி இருபத்தைந்தைத் தொட்டால் உயிர். பெரியவர் பதினாறு போட்டார். சின்னவர் பகடையை இரு கைக்குள் வைத்து வெகுநேரம் குலுக்கினார். "போடுப்பா, அது என்ன முட்டையா?" என்று மருந்துக்கடை அக்கா கத்தினார். விழுந்தது ஒன்பது.

மூன்று பேரும் போட்ட கூச்சலில் கீழ்த் தெருவில் யாரோ நின்று மேலே பார்த்தார்கள். திருடனும் மந்திரவாதியும் பாதாளத்து ஏரியில் பொத்தென்று விழுந்தார்கள். ஆளுக்கொரு கால் முறிந்தது. உயிர் போகவில்லை.

உடனே சண்டை ஆரம்பித்தது.

"எவன்டா உன்னைக் குதிக்கச் சொன்னான்? ரெண்டு பேரும் செத்திருப்போம்!"

"நீங்க செத்தா பூட்டை யார் திறக்கிறது?"

"இறகைத் தூக்கிப் போட்டிருக்கலாம்ல?"

"இறகைத் தூக்கிப் போட்டா காத்துல பறக்கும்ணே. கல்லா அது?"

இதைப் படியிறங்கும் வரை பேசினார்கள். பொடிசு கதவைப் பூட்டிவிட்டு வரும்போதும் நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

"ஃப்ரிட்ஜ் இப்போ எப்படி ஓடுது?" என்று சின்னவர் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிட்டேன்."

"எது, விளம்பரத்துல வர்ற அந்த ரெட்டைக் கதவு மாடலா? ஐயோ அண்ணே! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்னை எப்படிக் கேக்கறது? நாமதான் பேசறதில்லையே."

மறுநாள் சின்னவர் கருவிப் பெட்டியோடு போய், எந்தக் கோளாறும் இல்லாத புது ஃப்ரிட்ஜை ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அக்காமார் இருவரும் வெட்டவெளிச்சமாகப் போனில் பேச ஆரம்பித்தார்கள். கல் வௌவாலின் பாதாளத்தைப் பொடிசு ஒழுங்காக எழுதி, ஊர் மாறிப்போன டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு கூட்டம் வௌவால் குட்டிகளில் ஒன்றைத் தத்தெடுத்து வளர்ப்பதாகப் பதில் வந்தது. அதைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, குடை கொடுக்க வந்த பெரியக்கா, "சும்மா ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்" என்று சுவரோரம் உட்கார்ந்தாள். அப்போது கதையில் ஒரு எண்ணெய் வியாபாரி, கடத்தப்பட்ட இளவரசியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அந்த வியாபாரிக்காகப் பொடிசு மாங்கு மாங்கென்று உழைத்திருந்தாள். பல வாரமாக அவனை மூவரும் சொந்தச் சகோதரன் மாதிரி நம்பி, அவன் வண்டியிலேயே பயணம் செய்து, அவனுக்காகக் கொள்ளைக்காரர்களோடு சண்டையும் போட்டிருந்தார்கள்.

"அவன் பொய் சொல்றான்" என்றாள் பெரியக்கா, குடைத்துணியை மடித்துக்கொண்டே.

மேஜை திரும்பிப் பார்த்தது.

"எப்படிச் சொல்றே?" என்றார் அவள் புருஷன்.

"அவ பொய் சொல்றப்போ காதைத் தடவுவா. பால் பல்லு விழுந்த வயசுலேருந்தே அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

பொடிசின் கை அப்போதும் காதில்தான் இருந்தது. சின்ன அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்துக்கடை அக்கா நாற்காலியை நகர்த்தி, பெரியக்காவுக்கு மேஜையில் இடம் செய்து கொடுத்தார்.

அதிலிருந்து, கதையில் யாராவது பொய் பேச வேண்டியிருந்தால் பொடிசு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். இப்போது பெரியக்கா இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.