முன்னால் ஓடியவனின் முதுகு

எங்கள் வீடும் அவன் வீடும் எதிரெதிர். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பண்ணையாரின் வயலில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் வைத்தவர்கள். இரண்டு வீட்டிலும் காலையில் பழைய சோறு, ராத்திரி ரசம். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பசு உண்டு. பால் விடிவதற்குள் காபி கிளப்புக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது சாணி. அப்படியிருக்க, அவன் தோள் இரண்டும் தேங்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி எப்படித் திரண்டது? என் தோளில் துண்டைப் போட்டால் நிற்காமல் நழுவி விழுந்தது.

வெறும் தோளாக இருந்தால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அத்தை இருக்கவிடவில்லை. அத்தைக்கு ஒரே மகள். எனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டதிலிருந்து அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்த வருஷம் சித்திரையில் அத்தை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"ஆய்க்குடியில இருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்கலே. ஆவணிக்குள்ள பதில் சொல்லணும். திருநெல்வேலியில போலீசுக்கு ஆள் எடுக்கப் போறாங்களாம். நீ போலீசுல சேந்துட்டு வா, உனக்கே பேசி முடிப்போம். ஆனா எதிர்வீட்டுப் பயலைப் பாரு, நெஞ்சு என்ன கதவு மாதிரி இருக்கு! உன் நெஞ்சுல சன்னல் கம்பில்லா தெரியுது."

உள்ளேயிருந்து அத்தை மகள் குரல் கொடுத்தாள்.

"அத்தானைக் கொல்லையில நிறுத்துனா துணி காயப் போடலாம்மா."

"சிரி ஏட்டி, நல்லாச் சிரி. காக்கிச் சட்டையைப் போட்டுட்டு வந்து மொதல்ல உன்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவேன்."

"பிடிக்கணும்னா ஓடி வரணும்லா அத்தான்?"

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, உண்மையைச் சொல்லு. என்னத்தலே திங்க?"

"பழைய சோறுதான்."

"புளுகாதலே."

"வேணும்னா வந்து பானையைப் பாரு."

போய்ப் பார்த்தேன். பழைய சோறுதான். பக்கத்தில் அதே ஊறுகாய். கரண்டியை விட்டு அடிவரைக்கும் கலக்கிப் பார்த்தேன். அவன் அம்மா அடுப்படியிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. ஊருக்கு மேற்கே குற்றாலத்தில் பங்களாக்கள் திறந்தன. ஜமீன்தார்களும் செட்டியார்களும் சமையல்காரர்களோடு வந்து இறங்கினார்கள். ஒருநாள் விடியும் முன்னே, வாசலில் கட்டிலில் கிடந்த எனக்கு எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவன் கையில் ஒரு துணி முடிச்சோடு மேற்கே போனான். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. ஏதோ ஒரு பங்களாச் சமையல்காரன் அவனுக்குச் சிநேகம். நெய்ச்சோறும் ஆட்டுக்கால் சூப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான் என்று பின்னாலேயே கிளம்பினேன்.

தெரு முனையைத் தாண்டியதும் அவன் ஓட ஆரம்பித்தான். படுபாவி. நானும் ஓடினேன். ஒரு கூப்பிடு தூரம் விட்டு, மருத மரங்களை ஒட்டி, அவன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். சுடுகாட்டு ஓடை வந்ததும் அவன் இன்னும் வேகமெடுத்தான். எனக்கு ஈரக்குலை வாய்க்கு வந்தது. சூப்பு ஆறிவிடும் என்று அவசரப்படுகிறான் என நினைத்துக்கொண்டேன்.

அவன் எந்தப் பங்களாவையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அருவிக்குப் போனான். பாறையில் தண்டால் எடுத்தான், உட்கார்ந்து எழுந்து பஸ்கி போட்டான். அருவியின் நடுவில் போய், தலையில் விழும் தண்ணீருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஊறவைத்த நிலக்கடலை, ஒரு கைப்பிடி. மாடு மாதிரி நிதானமாக மென்றான். பிறகு வந்த வழியே ஓடினான்.

நான் நம்பவில்லை. இன்றைக்குச் சமையல்காரனுக்குக் காய்ச்சலாக இருக்கும்; நாளைக்குத் தெரிந்துவிடும். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அவன் தண்டால் எடுக்கும்போது பாறைக்குப் பின்னால் சாரலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? குளிருக்காக நானும் இரண்டு தண்டால் எடுத்தேன். அவன் அருவியில் நிற்கும்போது நான் கூட்டத்தோடு ஓரத்தில் தலையைக் கொடுத்து, அவன் வெளியே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பசி தாங்காமல் அம்மாவின் கடலைப் பானையில் கைவிட்டு நானும் ஒரு முடிச்சுக் கட்டிக்கொண்டு போனேன். இதெல்லாம் வேவு பார்க்கும் வேலையைச் சேர்ந்தது. உடம்பு தேற்றும் நினைப்பு எனக்கு இல்லை. அவனுடைய சூப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி முடிந்தது. சூப்பு அகப்படவில்லை. ஆள் எடுக்கும் நாள் வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே ரயிலில் திருநெல்வேலிக்குப் போனோம். மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி ஓடச் சொன்னார்கள். கிளம்பியதும் என் கண் தானாக அவன் முதுகைத் தேடிப் பிடித்தது. மற்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். கடைசிச் சுற்றில் அவன் தளர்வது தெரிந்தது. எனக்கோ மூச்சு பாக்கி இருந்தது. இதோ தாண்டிவிடலாம் என்று பார்த்தால், அவன் வேகம் குறைந்ததும் என் காலும் குறைக்கிறது! தினம் தினம் ஒளிந்து ஓடிப் பழகிய கால். கிட்டே போனால் பார்த்துவிடுவான் என்று அதுவாகவே பின்வாங்குகிறது. "போலே, தாண்டிப் போலே!" என்று யாரோ கத்தினார்கள். போக முடியவில்லை. அவன் முதலாவது, நான் இரண்டாவது.

அடுத்து நெஞ்சளவு. நாடாவைச் சுற்றியவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அருவிக்கு அடியில் நிற்பதாக நினைத்துப் பிடித்தேன். "போதும், விடுடா" என்று அவர் சொல்லும்வரை விடவில்லை. இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் ரயிலில் அவன் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு. சிரிக்கிறதைப் பொறவு பாப்போம்."

"மொதல்ல அந்தச் சுடுகாட்டு ஓடைப் பக்கம் பின்னால காலடிச் சத்தம் கேக்கவும் பேய்னு நினைச்சேம்லே. உசிரைக் கையில பிடிச்சுட்டு ஓடுனேன். பொறவு ஒருநாள் நீ தும்முன. உன் தும்மல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்லே வாயைத் திறக்கல?"

"திறந்தா நீ வரமாட்டேல்லா. அந்த ஓடையைத் தனியாத் தாண்ட எனக்குப் பயம்லே. இன்னைக்கும் பின்னால உன் காலடி கேட்டுச்சு. அந்தத் தைரியத்துலதான் முடிச்சேன்."

நான் சிரிக்கவில்லை. அவனுக்கு வேகம் கொடுத்தது என் கால், துணை போனது என் கால். சம்பளமில்லாத பேயாக நான் ஒரு சாரல் காலம் முழுக்க உழைத்து, அவனை முதலாவது ஆளாக ஆக்கியிருக்கிறேன். அவனோ கடலையைக் கொறித்துக்கொண்டு, எனக்கும் ஒரு கை நீட்டினான். வாங்கித் தின்றேன். என் கடலையைவிட அவனுடையது நன்றாக ஊறியிருந்தது.

அத்தையிடம் போய் நின்றேன்.

"எடுத்துட்டாங்க அத்தே."

"அவனை?"

"என்னையும்தான்!"

அத்தை சொன்ன வாக்கு தப்பவில்லை. ஆய்க்குடிக்காரர்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள். ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்தார்கள். அன்றைக்கு அடுப்பிலிருந்து சாம்பார் அண்டாவை இறக்க வேண்டும். அத்தை வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏய்யா, எதிர்வீட்டுத் தம்பியை வரச் சொல்லுங்க. அவன்னா ஒத்தையாளா இறக்கிருவான்."

மாப்பிள்ளை நான் பட்டுத் துண்டோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். துண்டை வீசிவிட்டு எழுந்து ஓடினேன். அவன் ஒரு வளையத்தைப் பிடிப்பதற்குள் இன்னொன்றை நான் பிடித்துவிட்டேன்.

"நீ இருலே, மாப்பிள்ளை."

"நீ இருலே. இது என் சாம்பாரு."

இரண்டு பேருமாகத் தூக்கினோம். அடுக்களை வாசலில் அத்தை மகள் நின்றாள். சத்தியமாக இந்தப் பக்கம்தான் பார்த்தாள். என் கையையா, அவன் கையையா என்றுதான் தெரியவில்லை. கேட்டால் சொல்லாமல் சிரிக்கிறாள்.