இருபத்தைந்து நிமிடமும் ஒரு வரவேற்புரையும்

கோப்பை கழுவும்போது அவர் இரண்டு சோடிக் கையுறை போடுவார், வலது கை நகங்களைக் காப்பாற்ற. பெர்தொனே தெருச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நாங்கள் இருவரும் ஒரே தொட்டியில் நின்றோம். நான் பிரான்சுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை உதவி ஆசிரியர். அவர் மன்னார்க்காரர், அறுபதை நெருங்கியவர், இருபத்தைந்து வருடம் கொழும்பு ஹோட்டல்களில் கிற்றார் வாசித்தவர். மாடு மேய்ப்பவரும் ரயிலும் பிரிந்துபோன காதலியும் வருகிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

லா சப்பலில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு நிலவறையில், அந்தப் பாட்டுக்கென்றே ஒரு கிளப் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடிய இடம் என்று அதற்குப் பெயர். எண்பதுகளில் நான் அங்கே ஒரு அமெரிக்கரையும் காணவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் பிரெஞ்சுத் தபால்காரர்களும் ரயில்வே ஊழியர்களும் அகலத் தொப்பியும் கூர்மூக்குச் சப்பாத்துமாக வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கிளப் முதலாளியின் இடுப்புப் பட்டியில் பித்தளைக் குதிரை ஒன்று ஓடியது. உண்மைக் குதிரையில் அவர் ஏறியதில்லை. முதுகுவலி.

விருந்தினராக வருபவர் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து நிமிடம். பிறகு முதலாளி முடிவு சொல்வார்: மாதத்தில் ஒரு ஞாயிறு நிரந்தரம், அல்லது போய்வாருங்கள்.

"கிழமையில ஆறு நாள் கோப்பை, தம்பி. மாசத்தில ஒரு நாள் கிற்றார்க்காரன். அது காணும் எனக்கு" என்றார் அவர்.

முதல் இரண்டு ஞாயிறும் பிசகில்லை. தொப்பி போடச் சொன்னார்கள். காதை மூடினால் சுருதி பிடிபடாது என்று மறுத்துவிட்டார். அதையும் பொறுத்துக்கொண்ட முதலாளி, மூன்றாவது முறைக்கு உங்கள் ஆட்களையும் கூப்பிடுங்கள், கதிரைகள் சும்மா கிடக்கின்றன என்றார்.

பிழை என்னுடையது. அப்போது நான் மாதம் ஒருமுறை கையால் எழுதிப் படியெடுத்து விநியோகித்த செய்தித் தாளில் இதை நாலு வரி போட்டேன். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், அதைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"எங்கட ஆள் வெள்ளைக்காரன்ர மேடையில ஏறேக்க சங்கம் சும்மா இருக்கேலுமோ?"

மூன்றாம் ஞாயிறு, மூன்று மணி நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் பிந்தி நாற்பது பேர் படியிறங்கினோம். பிள்ளைகள், ஒரு சட்டி ரோல்ஸ், பிளாஸ்ரிக் பையில் பொன்னாடை, ஸ்தேன் புறநகரிலிருந்து பஸ்ஸும் மெற்றோவும் ஏறி வந்த குத்துவிளக்கு. நிலவறைக்குள் நெருப்புக் கூடாது என்று முதலாளி சொன்னதால், விளக்கு கொளுத்தப்படாமல் மேடை ஓரத்தில் நின்றது.

கிற்றார்க்காரர் மேடையில் உட்கார்ந்ததும் தலைவர் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். வரவேற்புரை நாலு பக்கம். மூன்றாவது நிமிடத்தில் ஐவகை நிலம் முடியவில்லை. பதினோராவது நிமிடத்தில்தான் கலைஞர் மன்னாரில் பிறந்தார்.

"மாஸ்டர், காணும். எனக்கு இருபத்தைஞ்சு நிமிசம்தான்" என்றார் கிற்றார்க்காரர், மெதுவாக.

தலைவர் ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்தார். "தன்னடக்கம். பாருங்கோ சபையோரே."

எங்கள் பக்கம் கை தட்டியது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கிற்றார்க்காரர் வாசிக்கத் தொடங்கினார். பேச்சுக்கு அடியில், மெல்ல, மூன்றே சுரக்கட்டுகளை மாற்றி மாற்றி, ரயில் போகிற தாளத்தில். தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மேடைப் பழக்கம் உள்ள மனிதர், அறியாமலே தாளத்துக்குள் விழுந்துவிட்டார். வசனம் முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடங்களைக் கிற்றார் நிரப்பியது.

தபால்காரர்கள் கட்டிய கைகளை அவிழ்த்தார்கள். அவர்களுடைய பாட்டுகளில் பாடாமல் கதைபோலச் சொல்லிக்கொண்டே போகிற வகை ஒன்று உண்டு, பின்னால் வாத்தியம் மட்டும் ஓடும். இதை அதுவென்று எடுத்துக்கொண்டார்கள். சப்பாத்துகள் நிலத்தில் தட்டின. கலைஞர் தாயைப் பிரிந்து கொழும்புக்கு ரயிலேறிய கட்டத்தில் தலைவரின் குரல் தழுதழுத்தது. ஒரு சொல்லும் விளங்காத ரயில்வே ஊழியர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

இருபத்தைந்து நிமிடம் முடிந்தபோது முதலாளி நிறுத்தச் சொல்லிக் கை காட்டவில்லை. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் பொன்னாடை போர்த்தப்பட்டது. வாசிப்பு நிற்கவில்லை.

கடைசியில் முதலாளி வந்து கிற்றார்க்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு உங்களுக்குத்தான் என்றார். பிறகு தலைவரைக் காட்டி, இவரோடு என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"இவர் இல்லாமல் ஏலாதோ எண்டு கேளும்" என்றார் கிற்றார்க்காரர்.

கேட்டேன். ஏலாது. ஒருவருக்கு இடமில்லை, இருவருக்கு உண்டு என்றார் முதலாளி.

தலைவர் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "எனக்குச் சம்மதம் எண்டு சொல்லுங்கோ. அடுத்த முறைக்கு எட்டுப் பக்கமா விரிச்சு எழுதுறன்."

கிற்றார்க்காரர் பொன்னாடையோடு படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு ரோல்ஸைத் தின்று முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லும். ஆனா மாஸ்டர் எழுதினதில ஒரு பிரதி முதலே எனக்கு வேணும். மனுசன் எங்கையெங்கை மூச்சு விடுறாரெண்டு குறிச்சு வைக்க வேணும்."