நைனாவை நிறுத்திய இடம்

இந்த ஊரில் ஒருவரைக் கூப்பிட விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை, செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் போகும் சைகை மொழி வகுப்பில் மட்டும். எங்கள் ஆசிரியை கரோலுக்குக் காது கேட்காது. நாங்கள் குனிந்து எங்கள் விரல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சுவரோரம் போய் சுவிட்சைத் தட்டுவார். எல்லாரும் நிமிர்வார்கள். நான் மட்டும் முதல் வாரம் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கைப்பையில் செல்போனைத் தேடினேன். இங்கிலாந்துக்கு வந்து வருடங்கள் ஆகியும் உத்திரமேரூர் பக்கத்து மின்வெட்டு என்னை விட்டுப் போகவில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேரர். புதிதாக வந்த ஒரு தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதால் மேனேஜர் எங்களில் சிலரை இந்த வகுப்புக்கு அனுப்பினார். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், இங்கே முகத்தை அசைக்கவே படாத பாடு படுகிறார்கள். கோபத்தைக் காட்டச் சொன்னால் விரல்கள் கோபப்படும், முகம் பேங்க் வரிசையில் நிற்கும். எனக்கு முகம் பிரச்சினையே இல்லை. கையில்தான் சிக்கல். 'அம்மா' என்று காட்டச் சொன்னால் என் விரல் நெற்றி நடுவில் போய் நிற்கும். கரோல் அதைப் பிடித்து இறக்குவார், அது மறுபடி நெற்றிக்கே போகும். தலைவலி என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு நாள் மாத்திரை நீட்டினார். நல்ல கைதான், ஆனால் இது யாருடைய கை என்று கரோல் பலகையில் எழுதிக் கேட்டார்.

அது என் தம்பி ஏழுமலையின் கை. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள், சில நாளிலேயே அழைத்து வந்துவிட்டார்கள். காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டுக்குள் அம்மாவும் அவனும் நானுமாக ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். நெற்றிப் பொட்டைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் நைனா, எங்கள் அப்பா. இரண்டு சடையையும் இழுத்தால் நான். கண்ணுக்கு எதிரே இருப்பதையெல்லாம் பேசிவிடுவோம். எதிரே இல்லாததைப் பேசுவதுதான் கஷ்டம்.

நைனா நெல் அறுக்கும் வண்டி ஓட்டினார். அறுவடைக் காலத்தில் ஆந்திரா பக்கம் போனால் மாசங்கள் கழித்துத்தான் வருவார். அப்படிப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்தார். சித்தப்பா மட்டும் போய் அங்கேயே எரித்துவிட்டு வந்தார். ஏழுமலைக்கு அப்போது ஏழெட்டு வயது. அந்த நாட்களில் அவனை வாலாஜாபாத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் மீசையை முறுக்கிக் கேட்டதற்கு அம்மா ஸ்டியரிங் பிடித்துக் காட்டினாள், வண்டி ஓட்டப் போயிருக்கிறார் என்று. வழக்கப்படி பொட்டை அழிக்க வந்த பெண்களுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

"பொட்ட அழிச்சிட்டா எம்புள்ள என்ன இன்னான்னு கூப்புடும்? அது கையில கீற மொத வார்த்தையே அதான்."

ஊர் பேசாத பேச்சில்லை. அம்மா காதில் போட்டுக்கொள்ளாமல் சாகும் வரை பொட்டு வைத்தாள். நைனா படத்துக்கு மாலை போட்டதில்லை, தெவசம் கொடுத்ததில்லை. பிறகு நான் விமானம் ஏறியபோது என்னைப் பற்றியும் அம்மா அவனுக்கு அதையேதான் சொன்னாள், வேலைக்குப் போயிருக்கிறாள் என்று.

போன வருடம் அம்மா போய்விட்டாள். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது, என்னால் போக முடியவில்லை. ஆற்றங்கரையில் ஏழுமலைதான் கொள்ளி வைத்தான். அன்று முதல் ஞாயிறுதோறும் வீடியோ காலில் ஒரே கேள்வி. மீசையை முறுக்குவான், நெற்றியைத் தொடுவான், இரு கைகளாலும் தீயை எழுப்புவான், உள்ளங்கையை விரிப்பான். அம்மாவை எரித்தது நைனாவுக்குத் தெரியுமா? பெண்டாட்டி சாவுக்குக்கூட வராத மனுஷன் மேல் அவனுக்கு அப்படி ஒரு கோபம். அம்மாவின் முதல் தெவசம் நெருங்கியபோது, நைனா வராமல் அதற்கு உட்கார மாட்டேன் என்றுவிட்டான். அவனுக்காகப் போனைப் பிடித்துக்கொள்ளும் சித்தப்பா மகன் சரவணன் கெஞ்சினான்.

"யக்கா, நீயே சொல்லிடுக்கா. எங்க கையி அதுக்கு வரல. பெரிம்மா பழைய வீடியோவ வேற தெனம் போட்டுப் பாத்துக்கினே கீறான்."

முயன்றேன். மீசையை முறுக்கித் தீயைக் காட்டினேன். நைனா பீடி பற்றவைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவன் சிரித்தான். அதற்கு மேல் எனக்கும் கை வரவில்லை.

இங்கே வகுப்பில் கரோல் ஒரு வாரம் இடம் வைக்கக் கற்றுத்தந்தார். இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச, முதலில் அவரைக் காற்றில் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அந்த இடத்தைச் சுட்டினாலே அவர்தான். பார்வையும் அங்கேதான் போக வேண்டும். குடும்பத்தைச் சொல்லச் சொன்னார். அம்மாவை இடப்பக்கம் வைத்தேன், நைனாவை வலப்பக்கம். வீடு, வயல் என்று தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு உட்காரப் போனேன். கரோல் தடுத்து என் வலப்பக்கத்துக் காற்றைக் காட்டினார். அவரை அப்படியே விட்டுவிட்டாய், இன்னும் நிற்கிறார் என்றார். வகுப்பே சிரித்தது. புதிதாகப் படிப்பவர்கள் எல்லாரும் செய்வதுதானாம். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது என் வலப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் உட்கார வந்த அம்மாளிடம் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் ஆளைத் தேடிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். எனக்குப் பயமாக இருந்தது. நைனாவின் முகம்கூடச் சரியாக நினைவில்லை, அவர் நின்ற இடம் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்த ஞாயிறு சரவணன் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான். நெற்றியைத் தொட்டு அம்மாவை இடப்பக்கம் வைத்தேன். ஏழுமலை அந்த இடத்தைப் பார்த்தான், யாரும் கற்றுத்தராமலே. அம்மாவைப் படுக்கவைத்துத் தீயை எழுப்பினேன். தெரியும் என்று தலையாட்டினான். மீசையை முறுக்கி நைனாவை வலப்பக்கம் வைத்தேன். ஸ்டியரிங். பாம்பு. காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவரையும் படுக்கவைத்து, அம்மாவுக்குச் செய்த அதே தீயை அங்கேயும் எழுப்பினேன். அப்போது நீ இத்தனை உயரம் என்று இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்தினேன்.

அவன் அழவில்லை. நைனா கிடந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு சடையையும் இழுத்துக் காட்டினான். நைனாவைப் போலவே வேலைக்குப் போனாய் என்றான். அம்மாவின் வீடியோவைப் பார்க்கும் அதே போனை விரலால் தொட்டான். பின் இரு கைகளாலும் மெல்லத் தீயை எழுப்பி, உள்ளங்கையை விரித்தான். நீயும் எரிந்துவிட்டாயா என்று கேட்கிறான்.

இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். நெஞ்சில் தட்டினேன். இதோ, இங்கேதான் இருக்கிறேன் என்று என் காலடித் தரையைச் சுட்டினேன். ஏழுமலை குனிந்து தன் காலடியில் இருந்த எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தான். அங்கே நான் இல்லை.