அத்தை பாதியில் விட்ட படம்

அத்தையின் பின்னலை அப்பா கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். தியேட்டரிலிருந்து எங்கள் தெரு வரை அந்தப் பிடி தளரவில்லை. ஏலக்காய்க் கடை வாசல்களில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தைக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவள் அழவில்லை. பத்து வயதுச் சிறுமியான நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் கடைசித் தங்கை அவள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது போடியில் சில சனிக்கிழமைகளில் காலைக் காட்சியாகப் பழைய ஆங்கிலப் படம் போடுவார்கள். தனக்குப் பிடித்த ஒரு ஹாலிவுட் நடிகையின் படம் வந்தால், தட்டச்சு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள். அந்த நடிகை ஒற்றைப் புருவத்தை உயர்த்தி ஆண்களை அளக்கும் பார்வையைக் கண்ணாடி முன் நின்று எனக்கு நடித்துக் காட்டுவாள். இரண்டு முறை என்னையும் கூட்டிப்போனாள். மூன்றாம் முறை, "இன்னைக்கு நீ வேணாத்தா, வெரசா வந்துர்றேன்" என்று விட்டுவிட்டுப் போனாள். அந்த ஆத்திரத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். படத்துக்குப் போயிருக்கிறாள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "போன தடவ அத்தை பக்கத்துல ஒரு அண்ணே உக்காந்துருந்தாரு" என்றும் சேர்த்தேன். அப்படி யாருமே இல்லை. இடைவேளையில் அப்பா உள்ளே போய் அவளை இழுத்து வந்தார்.

அதோடு படிப்பு நின்றது. அந்த மாதமே பக்கத்து ஊரான தேவாரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் அறைந்ததில் அவளுக்கு இடது காது போயிற்று. நான் படித்து ஆங்கில ஆசிரியை ஆனேன்.

சென்ற மாதம் எங்கள் திரைப்படச் சங்கம் அதே நடிகைக்கு மரியாதை செலுத்த, அத்தை பாதியில் விட்ட அந்தப் படத்தையே ஒரு மண்டபத்தில் திரையிட்டது. தேர்ந்தெடுத்தவள் நான்தான். தேவாரத்துக்குப் போய் அத்தையை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். பட்ட கடனை அடைத்துவிட்டது போல மனம் லேசாக இருந்தது. மைக்கைப் பிடித்து நடிகையின் துணிச்சலைப் பற்றிப் பேசினேன். பிறகு, அவருடைய படத்தைப் பார்க்கப் போனதற்காக என் அத்தை தெருவில் இழுத்துவரப்பட்ட கதையையும் உருக்கமாகச் சொன்னேன். கைதட்டல் நெடுநேரம் கேட்டது.

அது அடங்கியதும் அத்தை எழுந்தாள்.

"ஏத்தா நிறுத்திட்ட? ஒங்கப்பன்கிட்ட யாரு போயிச் சொன்னதுன்னும் சொல்லு. பக்கத்துல ஒருத்தன் உக்காந்துருந்தான்னு சொன்னாகளே, அது யாருன்னும் சொல்லு."

அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் மாணவிகள் மூவர் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள்.

"அத்தைக்கு வயசாயிருச்சு, இப்பல்லாம் எதையாவது மாத்தி மாத்திப் பேசுறாங்க" என்று மைக்கில் சிரித்தேன். சிலர் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

படம் ஓடத் தொடங்கியும் அத்தை உட்காரவில்லை. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்:

"பாட்டி, மறைக்குது. உக்காருங்க."