பேத்தி மறுபடி போடாத சிடி

வாளெடுத்துச் சண்டைக்குப் போய் அப்பாவைக் காப்பாற்றும் பெண்ணின் கார்ட்டூன் படத்தை, என் பேத்தி செல்வி சிடி தேயத் தேயப் பார்ப்பாள்.

"மொதல்ல கரண்டிய புடிடி, அப்புறம் கத்திய புடிக்கலாம்" என்று நான் சீண்டுவேன்.

திடீரென்று ஒருநாள் அவள் அப்பா, என் ஒரே மகன், மாரடைப்பில் போய்விட்டான். அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளிச்சட்டி தூக்கப் பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட்டார்கள் சொந்தக்காரர்கள்.

"எங்கப்பாவுக்கு நான் தூக்குறேன்" என்றாள் செல்வி.

"பொட்டப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாது" என்றார்கள்.

என் வாயில் அன்று கிண்டல் வரவில்லை. சட்டியை நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கருவடிக்குப்பம் சுடுகாடு வரை அழாமல் முன்னால் நடந்தாளாம்.

சில மாதம் கழித்து, "அந்தக் கத்திக்காரியப் போடுடி, பொழுதே போவல" என்றேன்.

"வேணாம் ஆயா. அதுல அப்பா பொழச்சிக்குவாரு."

சிடியைத் துடைத்துத்தான் வைக்கிறேன். போட்டுப் பார்க்க எனக்கும் துணிச்சல் இல்லை.