பத்து வருட வாரண்டி உள்ள கூரை

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பாறசாலையை அடுத்து ரோட்டோரமாக ஒரு மாடிக் கட்டிடம் வாங்கினேன். கீழே உரக்கடை, மேலே பல் ஆஸ்பத்திரி. மேல்மாடிக்குக் கான்கிரீட் கிடையாது. இரும்புச் சட்டத்தில் நீலத் தகரம் அடித்து, அடியில் ஜிப்சம் சீலிங் போட்டிருந்தார்கள். விற்றவர் அதற்குப் பின்வீட்டுக்காரர்.

"பத்து வருஷ வாரண்டி உண்டு அக்கா. மேல பாக்கவே வேண்டாம்" என்றார்.

வாரண்டி என்றால் ஒழுகாது என்றுதான் நானும் நினைத்தேன். ஜூனில் எடவப்பாதி மழை தொடங்கிய சில நாட்களிலேயே டாக்டரின் அறையில் சொட்டத் தொடங்கியது.

கூரை போட்ட கம்பெனியைக் கூப்பிட்டேன். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஏறுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சேச்சி, இது ரெண்டு வாரண்டியாக்கும். தகரம் துருப்பிடிச்சா, நெறம் போனா, அது தகரம் செஞ்சவங்க பொறுப்பு. ஒழுகினா நாங்க. ரெண்டும் பழைய ஓனர் பேருல கெடக்கு. உங்க பேருக்கு மாத்தணும்னா, கூரை நாங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்."

"அப்படின்னா?"

"வேற ஆளு கை படப்பிடாது."

கூரைக்குப் போகும் இரும்பு ஏணி பூட்டிய கிரில்லுக்கு உள்ளே இருந்தது. சாவி என்னிடம்தான். திறந்துவிட்டேன். அவர் வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கி வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேல யாரு வேலை செய்யிது?"

"யாரும் இல்லையே."

போனில் எடுத்த படங்களைக் காட்டினார். கூரை முழுக்கப் பின்வீட்டு அயனி மரத்தின் இலைகள் மக்கிக் கிடக்க, ஓரத்திலிருந்து முகடு வரை ஒரு பாதை மட்டும் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. அந்தப் பாதையில் இருந்த ஒவ்வொரு ஆணியின் தலையைச் சுற்றியும் வெள்ளை சிலிக்கான் பூசி, விரலால் வழித்து விட்டிருந்தது. சில பழையவை, மஞ்சளாகிவிட்டன. சில இன்னும் காயவில்லை.

இன்ஜினியர் போனபிறகு டாக்டரிடம் கேட்டேன். சின்னப் பெண். முதலில் தயங்கினாள்.

"சேச்சி சிரிக்கப்பிடாது. மத்தியானம் உச்சைக்கு கரண்ட் போயி கம்ப்ரசர் நிக்கும்போ மேல யாரோ நடக்குது. எனக்கு மட்டும் தோணுறதா இருக்கும்னு விட்டுட்டேன். பொறவு ஒரு நாள் பேஷண்டுக்குப் பல்லு அடைச்சிட்டு இருக்கேன். அவங்க வாயத் தொறந்துட்டு மலந்து கெடக்காங்க. கண்ணு மட்டும் சீலிங்ல எதையோ பாத்து மெல்ல மெல்ல நீங்குது. இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும்."

மறுநாள் மதியம் நான் அந்த நாற்காலியில் படுத்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. சூடேறும் தகரம் அங்கங்கே சடசடக்கும். அது எனக்குத் தெரியும். இது அதுவல்ல. ஒன்று கேட்கும். பிறகு நிற்கும். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொன்று. என் நெஞ்சுக்கு நேர் மேலே வந்து நின்றது. அப்புறம் துணி உரசுவது போல ஒரு நீண்ட சத்தம், யாரோ மெதுவாகப் படுப்பது போல. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகவே உரக்கச் சொன்னேன்:

"எலியாக்கும். பயப்படாண்டாம்."

அதற்கு அடுத்த நாள், அதே நேரத்துக்கு, சாவியை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். கீழே பஸ்களின் சத்தம் வழக்கம்போல் கேட்டது. ஏணியின் கடைசிப் படியில் நின்று தலையை மட்டும் கூரைக்கு மேலே நீட்டினேன்.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கிழவர் குப்புறப் படுத்திருந்தார். காலில் கம்பளி சாக்ஸ். ஒரு காது தகரத்தோடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் தகரத்தில் என்னால் விரல் வைக்க முடியவில்லை.

"கம்பெனியில இருந்து வாறியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அங்க சவுட்டாத மக்கா. ஆணி இருக்கிய வரியில மட்டும் காலு வை." பிறகு, அசையாமலேயே, "நேத்து நீ கீழ கெடந்து எலின்னு சொன்னியே. எலி இல்ல. நானாக்கும்" என்றார்.

கை நழுவி, ஏணியை மறுபடி பிடித்தேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பின்வீட்டுக்கு ஓடி, கட்டிடத்தை விற்றவரைக் கூப்பிட்டேன். கிழவர் அவருடைய அப்பா. அவர் அப்பாவைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்: ஓர்மை போய்விட்டது, மதியம் சாப்பிட்டுவிட்டு உறங்குவார் என்று. நான் அவரைப் பார்த்ததே இல்லை. கட்டிடம் விற்றது அந்தக் கிழவருக்குத் தெரியாது, சொன்னாலும் நிற்காது. வீட்டின் மாடியில் ஏறி, அயனிக் கிளையைப் பிடித்துக்கொண்டு, என் கூரைக்கு வந்துகொண்டிருந்தார். மகன் மேலே ஏறி, அவரைக் குழந்தையைப் போல அணைத்து இறக்கினார். கிழவரின் கன்னத்தில் தகரத்தின் மடிப்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

இன்ஜினியர் திரும்ப வந்து, ஒழுகலுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒரு தகரம் மேல் ஒரு தகரம் ஏறும் இடத்தில், உள்ளே போன தண்ணீர் வெளியே வர ஒரு இடைவெளி விட்டிருப்பார்களாம். கிழவர் அதையும் அடைத்துவிட்டார். போக வழியில்லாமல் தண்ணீர் உள்ளே திரும்பியது. "நல்லா அடைச்சிருக்காங்க சேச்சி. அதாக்கும் பிரச்சனை" என்றார். ஒழுகலுக்கான வாரண்டி அத்துடன் போயிற்று. துருவுக்கும் நிறத்துக்கும் உள்ளது மட்டும் என் பேருக்கு மாறியது. சீர் செய்யும் செலவில் பாதியை மகன் தந்தார், நான் கேட்கவில்லை.

அயனிக் கிளையை வெட்டினார்கள். அப்பாவை மலைப்பக்கம் அம்பூரிக்கு, அவர்களுடைய ரப்பர் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஐப்பசித் துலாமழைக்கு முன்னால் ஒரு நாள் மகன் போன் செய்தார்.

"அக்கா, கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு. அப்பா புகப்புர மேல ஏறிட்டாங்க. எறங்க மாட்டேங்காங்க. கம்பெனி ஆளு வந்து பாத்தாத்தான் எறங்குவேன்னு சொல்றாங்க. உங்களத்தான் கேக்காங்க."

காரில் போனேன். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அந்தப் பழைய புரை, மரங்களுக்கு நடுவில் நின்றது. தொழில் நின்று வெகு காலமாம். கதவில் துருப்பிடித்த பூட்டு. மேலே தகரத்தில் அவர் குந்தியிருந்தார், அதே சாக்ஸ். காற்றே இல்லை.

"பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. எறங்கி வாங்க" என்றேன்.

"வாரண்டி உண்டா?"

"உண்டு."

"எத்தர காலத்துக்கு?"

மகனைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க காலம் வரைக்கும்" என்றேன்.

ஏணியில் மெதுவாக இறங்கி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். வெயிலில் இருந்தவரின் கை சில்லென்று இருந்தது. பூட்டிய கதவைக் காட்டி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல என் காதோடு சொன்னார்:

"அது போராது மக்கா. உள்ள இருக்கியவிய எனக்குப் பொறவும் இருப்பாவ."

மகன் அவரை வீட்டுக்குள் கூட்டிப்போனார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பூட்டில் சிலந்தி வலை கட்டியிருந்தது. உள்ளே யார் என்று அவரிடமும் கேட்கவில்லை, மகனிடமும் கேட்கவில்லை. கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டேன்.